ஷாக்குங்கிறது தாய்மாமன் மாதிரி

வாங்க மொதலாளி, உக்காருங்க. நீங்க வர்றது திருத்தங்கல் விலக்குலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டொங்கு டொங்குன்னு ஒரு சத்தம். கடைத்தம்பிகூட எட்டிப் பாத்துட்டு, ‘ஏதோ கோயில் சப்பரம் வருது போல’ன்னான். சப்பரம் இல்லப்பா, எங்கக்கா மகன் பிக்கப்புன்னு நாந்தான் சொன்னேன். அந்தச் சத்தத்தைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். என்னது அது... நெனப்புக்கு வரல. எழுபது தாண்டிருச்சுல்ல. டீயைக் குடி, பெறகு வரும்.

அதென்னடா போன்ல படம்? அடேயப்பா! செக்கச்செவேல்னு, தலையில மஞ்சக் கொண்டை வச்சுக்கிட்டு. ஷாக் அப்சரா இது, கல்யாண வீட்டு நாயனமா? இதை நாலு வாங்கி மாட்டிட்டா வண்டி ஆடாது, குலுங்காது, இன்னும் அரை டன்னு சேத்து ஏத்தலாம்னு சொன்னானா? யாரு சொன்னது? விக்கிறவனா? கருவாடு விக்கிறவன் என்னைக்குடா நாறுதுன்னு சொல்லிருக்கான்?

மருமகனே, மொதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்க. ஷாக்கு ஒரு கிலோ சுமக்காது. சுமக்கிறது ஸ்பிரிங் பட்டை. உங்கப்பன் இருக்காரு பாரு, அவரு பட்டை. உன் படிப்பு, உன் தங்கச்சி கல்யாணம், இந்த வண்டிக்கு முன்பணம், அம்புட்டையும் குனிஞ்சு வாங்கிக்கிட்டு முதுகு வளைஞ்சு கெடக்காரு. நான் ஷாக்கு. உனக்கு இதுவரைக்கும் ஒரு பைசா குடுத்திருக்கேனா? மாட்டேன். ஆனா நீ துள்ளினா ஒரு அமுக்கு, நீ சுணங்கினா ஒரு இழுப்பு. அதுதான் தாய்மாமன் வேலை. குழியில சக்கரம் விழுந்ததும் பட்டை அமுங்குது, அமுங்கின வேகத்துக்கு எகிறுது, எகிறினது திரும்ப அமுங்குது. அதைத் தடுக்க ஆள் இல்லைன்னா ஊஞ்சல்ல பிள்ளையை வச்சு ஆட்டுற மாதிரி ஆடிக்கிட்டே கெடக்கும். அந்த ஆட்டத்தை ஒண்ணரை ஆட்டத்துல நிப்பாட்டுறவன்தான் ஷாக்கு. தாய்மாமன் தலையில அரை டன்னு ஏத்தலாம்னு ஒருத்தன் சொன்னா, அவன் தாய்மாமனைப் பாத்ததில்லைன்னு அர்த்தம்.

எங்கய்யா வில்வண்டி வச்சிருந்தாரு. பேருலயே வில்லு இருக்கு பாத்தியா, இந்தப் பட்டையைத்தான் அப்ப வில்லுன்னு சொன்னது. அதுல ஷாக்கு ஏது? பட்டைக்குப் பட்டை உரசுது பாரு, அந்த உரசல்தான் ஷாக்கு. மேல வைக்கோலைப் பரப்பி சமுக்காளம் விரிச்சா அது ரெண்டாவது ஷாக்கு. இருக்கன்குடி போய்ட்டு வந்தா இடுப்பு இருக்கான்னு தடவிப் பாத்துக்கிடுவோம். ஆனா மாட்டு வண்டி மணிக்கு ரெண்டு மூணு மைலு போச்சு, நீ எண்பதுல போற. உரசலை நம்பி எண்பதுல போக முடியுமா?

இப்ப உன் வண்டிக்கு வருவோம். போன வருஷம் பின்னாடி ரெண்டு பட்டை சேத்துக் கட்டினியே, நெனப்பு இருக்கா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காலி வண்டி வெட்டுக்கிளி மாதிரி பின்னங்காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறதைக் கண்ணு தெரியாதவன்கூடச் சொல்லுவான். இது உன் தப்பு மட்டும் இல்ல, நம்மூரு வழக்கம். 2005-ல குட்டி யானைன்னு நாம சொல்ற சின்ன லோடு வண்டி வந்துச்சு. ரெண்டு சிலிண்டரு, 702 சிசி, பதினாறு குதிரை. முக்கா டன்னு ஏத்தலாம்னு எழுதியிருந்தான். நம்மாளு அதை, ‘முக்குற வரைக்கும் ஏத்தலாம்’னு படிச்சுட்டான். பேப்பர் ரீலு, தீப்பெட்டி பண்டல், கேலண்டர் கட்டு, சிமெண்டு மூட்டை, எல்லாத்தையும் யானை மேல ஏத்தினான். யானையும் பாவம், பேருக்காகச் சுமந்துச்சு.

பட்டையைக் கூட்டினா என்ன ஆகுதுன்னு கேளு. பட்டை கெட்டியாயிருச்சு, அப்ப எகிறும்போது அதோட வீச்சும் சாஸ்தி. அதைப் பிடிச்சு நிறுத்த பழைய ஷாக்கு பத்தாது. காளை வாங்கினவன் கன்னுக்குட்டிக் கயித்துல கட்டின மாதிரி. இன்னொண்ணு, பட்டை கூடினா வண்டி உயரும். உயர்ந்த வண்டியில பழைய ஷாக்கு எந்நேரமும் கையை நீட்டிக்கிட்டே நிக்கும். ஒரு வேகத்தடையில சக்கரம் கீழ எறங்கினா நீட்ட மிச்சம் இருக்காது, டக்குன்னு இழுபடும். அப்பிடி நாலு மாசம் இழுபட்டா புஷ்ஷு கிழியும், காது பிஞ்சுரும், சீல் வழியா எண்ணெய் வரும். நீ போன வருஷம் பட்டை கட்டினதுக்குத்தான் இந்த வருஷம் ஷாக்கு தேடுற. அது தெரியாம சிவப்புக் கலரைப் பாத்து மயங்கிக்கிட்டு இருக்க. அதோட 2019-ல சட்டத்தைத் திருத்தி ஓவர் லோடுக்கு இருபதாயிரம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரெண்டாயிரம்னு வச்சுட்டாக. ரெண்டு பட்டையும் ஒரு அபராதமும் சேந்தா புது ஷாக்கு எத்தனை செட்டு வாங்கலாம்னு நீயே கணக்குப் போடு, பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவன்தான.

விருதுநகர் பரோட்டா தின்னுருக்கல்ல? எண்ணெயில முங்கித்தான் அது பேரு வாங்குச்சு. ஷாக்கும் அப்பிடித்தான், எண்ணெயிலதான் பொழப்பு. உள்ள ஒரு பிஸ்டன், அதுல சின்னச் சின்ன ஓட்டை, வால்வு. பிஸ்டன் மேல கீழ போகும்போது எண்ணெய் அந்தச் சந்து வழியா நெருக்கியடிச்சுப் போகணும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் வாசல்ல கூட்டம் நுழையுற மாதிரி. அந்த நெருக்கத்துலதான் துள்ளல் அடங்குது, அடங்கின துள்ளல் சூடா மாறி காத்துல போயிருது. அம்புட்டுத்தான் சூட்சுமம். பரோட்டாவுக்கும் ஷாக்குக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: பரோட்டாவுல எண்ணெய் வெளிய தெரியணும், ஷாக்குல தெரியக்கூடாது.

அதனால சோதனையும் லேசு. மோசமான ரோட்டுல பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு நிப்பாட்டி, நாலு ஷாக்கையும் புறங்கையால மெதுவாத் தொட்டுப் பாரு. சுட்டா வேலை பாத்திருக்கு. மூணு சுட்டு ஒண்ணு மட்டும் பச்சத்தண்ணியா இருந்தா, அந்த ஒண்ணு வேலைக்கு வராமக் கையெழுத்து மட்டும் போட்டுட்டு இருக்கு. மேல லேசா எண்ணெய்ப் பூச்சு இருந்தா பரவாயில்ல. வழிஞ்சு, தூசி ஒட்டி, கரிசல் சேறு மாதிரி அப்பியிருந்தா ஆயுசு முடிஞ்சுது. பெறகு டயரு மேல உள்ளங்கையை ஓட்டு. அலையலையா மேடும் பள்ளமும் தட்டுதா? சக்கரம் ரோட்டுல ஓடல, தத்தித் தத்திப் போயிருக்குன்னு அர்த்தம். உன் கூட்டாளி ஒருத்தன் தொட்டி மேல ஏறிக் குதிச்சுக் காட்டினானே, அது காருக்குச் சரி. காலிப் பிக்கப்புல பட்டை கல்லு மாதிரி இருக்கும். அதுல குதிச்சா உன் முழங்காலு எப்பிடி இருக்குன்னு வேணா தெரியும்.

எத்தனை வருஷம் ஆச்சு மாத்தி? வாங்கினதுல இருந்து மாத்தலையா? வெளங்கிரும். தீப்பெட்டி வெலை 2007-ல ஒரு ரூபா ஆச்சு, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபா ஆச்சு. பதினாலு வருஷம் தாக்குப் பிடிச்ச ஒரே சாமான் அதுதான். உன் ஷாக்கும் அப்பிடி இருக்கும்னு நெனச்சுட்டியோ?

அதுவும் நம்ம பூமியில. டவுன்காரனுக்குத் தெரியாது, கரிசல் மண்ணு ஒரு பெருமூச்சு விடுற மண்ணு. சித்திரையில வாய் பிளந்து கெடக்கும், கையை விட்டா முழங்கை வரைக்கும் போகும். ஐப்பசியில தண்ணியக் குடிச்சு ஊதிப்போகும். மண்ணு ஊதுறதும் வத்துறதுமா இருந்தா மேல போட்ட தாரு என்ன செய்யும்? ஒட்டகம் முதுகு மாதிரி ஆயிரும். வெம்பக்கோட்டை பக்கம், ஏழாயிரம்பண்ணை பக்கம் போற ரோட்டுல பாரு, குழி ஒண்ணும் இருக்காது, ஆனா வண்டி தாலாட்டும். குழியோட அடியைப் பட்டை வாங்கிக்கிடும். இந்தத் தாலாட்டுக்குத்தான் ஷாக்கு வேணும். நாலுவழிச்சாலையிலயே ஓடுறவனுக்கு வாங்குற ஷாக்கும் உனக்கு வாங்குற ஷாக்கும் ஒண்ணாகுமா?

இந்தா, ஹாரனைப் பத்தி மறந்துட்டேனே. அஞ்சு குழாய் வச்ச ஹாரன் மாட்டினியே, மாடு கன்னு போடுற மாதிரி கத்துமே, அதுக்குக் குடுத்த காசுல பின் ஷாக்கு ஜோடியா வாங்கிருக்கலாம். சிரிக்காத. ஹாரன்ல இருந்து ஷாக்குக்கு வந்தவன் ஒருத்தன் இருக்கான், கதையைக் கேளு. அமெரிக்காவுல கிளீவ்லாந்துன்னு ஒரு ஊரு. அங்க கிளாட் ஃபாஸ்டர்னு ஒரு மனுசன், டிராம்போன் ஊதுறவரு. 1900-களோட ஆரம்பத்துல, கார் எஞ்சின் புகையை வச்சே ஊதுற ஹாரன் ஒண்ணு செஞ்சாரு. வேதக்காரங்க சொல்லுவாகல்ல, கபிரியேல் தூதர் எக்காளம் ஊதுவாருன்னு, அந்தப் பேரையே வச்சாரு. பெறகு என்ன நெனச்சாரோ, துள்ளலை அடக்குற சாமான் செய்யப் போயிட்டாரு. ஊர் பூரா ஷாக்கு டப்பாவுல பாக்குறியே, கேப்ரியல்னு, அது அந்த எக்காளம்தான். நம்ம நாட்டுல கேப்ரியல் இந்தியா 1961-ல ஆரம்பிச்சாக, நம்ம ஓசூர்லயே பேக்டரி இருக்கு. ஊதுறதை விட்டுட்டு அடக்க வந்தவனுக்கு நூறு வருஷம் பேரு நிக்கிது. நீ அடக்குறதை விட்டுட்டு ஊதிக்கிட்டு இருக்க.

சரி, எதை வாங்கணும்? நெசத்தைச் சொல்லு. மாசத்துல எத்தனை நாளு முழு லோடு? தூத்துக்குடிக்கு லோடோட போற, வரும்போது காலிதான? அப்ப பாதி ஓட்டம் காலி ஓட்டம். லோடுக்குன்னு முரட்டு ஷாக்கா மாட்டினா, காலியா வரும்போது வளைவுல பின்சக்கரம் தரையைப் பிடிக்காம வழுக்கும், மழை பேஞ்சா கேக்கவே வேண்டாம். லோடு ஏத்தி நீ ஓட்டுற அளவும் காலியா ஓட்டுற அளவும் ரெண்டும் வச்சுத்தான் கம்பெனிக்காரன் ஒரு அளவு போட்டுருக்கான். அந்தக் கூடுதல் பட்டையைக் கழட்டி எறிஞ்சுட்டு, கம்பெனி அளவு ஷாக்கே வாங்கு. பட்டை இருந்தே ஆகணும்னா, அதுக்குத் தக்கன நீளமும் கெட்டியும் உள்ளதை அளந்து வாங்கணும். முழுசா நீட்டினா எத்தனை, முழுசா அமுக்கினா எத்தனை, ரெண்டும் முக்கியம். அமுங்கின நீளம் கூடிப்போனா ரப்பர்க் கட்டை வாங்க வேண்டிய அடியை ஷாக்கு வாங்கும், காதோட ஒடிச்சுக்கிட்டுப் போகும். மேல கீழ ரெண்டும் வளையமா, இல்ல ஒரு பக்கம் திருகா, அதையும் பாத்துக்க. பழசைக் கழட்டிக் கையில கொண்டுபோ. தீப்பெட்டி செய்யத் தெரியணும்னு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-கள்ல கல்கத்தாவுக்கே போய்க் கத்துக்கிட்டு வந்தாக. அவுக ஊரான சிவகாசியில பொறந்த உனக்குப் பழைய ஷாக்கைத் தூக்கிக்கிட்டு ஸ்பேர் கடைக்குப் போக சோம்பலா இருக்கு.

கேஸ் ஷாக்குன்னு ஒண்ணு சொன்னானா? சொல்லியிருப்பான். மோரு கடையிறதைப் பாத்திருக்கல்ல? மேல கீழ மத்து போய்ப் போய் நுரை கட்டும். நம்ம ரோட்டுல எண்ணெயும் அப்பிடித்தான் நுரைக்கும். நுரைச்ச எண்ணெய்ல பிஸ்டனுக்குப் பிடி இருக்காது, காத்துல கையை வீசின மாதிரி. அதுக்குத்தான் உள்ள நைட்ரஜனை அழுத்தி வைக்கிறது. மூடி இறுக்கின கலர் பாட்டில்ல நுரை தெரியுதா? திறந்தாத்தான பொங்கும். அந்த அழுத்தம் எண்ணெயை நுரைக்க விடாது. உன் மாதிரி மேடு பள்ளத்துல விடாம ஓடுறவனுக்கு அது நல்லதுதான், வாங்கிக்க. ஆனா கேஸ் இருக்கு, வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், லோடு தாங்கும்னு எவனாவது சொன்னா டீக்காசைக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துரு. ஒத்தைக் குழாய்ல வர்றது இருக்கு, அது சூட்டைச் சீக்கிரம் விடும், வெலையும் சாஸ்தி. ஒரு கல்லு தெறிச்சு உடம்பு நசுங்கினா உள்ள பிஸ்டன் போகாது, அம்புட்டுத்தான். சல்லிக் குவிச்ச ரோட்டுல ஓடுற உனக்கு ரெட்டைக் குழாய் போதும்.

வாங்கும்போது ஜோடியா வாங்கு. ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசுன்னா பிரேக்கு போடும்போது வண்டி புதுசு பக்கம் ஒண்ணு பேசும், பழசு பக்கம் ஒண்ணு பேசும். பழசைத் துளை போட்டு எண்ணெய் ஊத்தி, கறுப்புப் பெயிண்டு அடிச்சு ‘ரீகண்டிஷன்’னு விப்பாக. அதைத் தொடாத. செத்தவனுக்குப் பவுடர் பூசினா எந்திரிச்சு நடப்பானா? டப்பா மட்டும் கம்பெனி டப்பாவா இருந்து உள்ள டூப்ளிகேட்டா இருக்கிறதும் உண்டு. நம்மூர்ல எந்த டப்பாவையும் அச்சடிக்க முடியும்னு எனக்கு நீ சொல்லணுமா?

ஷாக்கு மாத்தினதும் வண்டி ரயிலு மாதிரி போகும்னு நெனைக்காத. ராக்கெட்டுக்கு எதுக்கு குச்சி? நேராப் போக. குச்சியை ஒடிச்சுட்டு மருந்தைக் கூட்டினா அது அடுத்த வீட்டு மாடிக்குத்தான் போகும். வண்டிக்குக் குச்சி ஸ்டியரிங்தான், உன் ஸ்டியரிங்ல ரெண்டு விரக்கடை ஆட்டம் இருக்கு. டை ராடு முனை, பட்டையோட புஷ்ஷு, ஷேக்கிள், யூ போல்ட்டு, எல்லாத்தையும் பாக்கணும். பட்டையில கை வச்சா யூ போல்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப முறுக்கணும், அதை எந்தப் பட்டறையிலயும் உனக்கு ஞாபகப்படுத்த மாட்டாக. காத்து எத்தனை வைக்கிற? கையால அமுக்கிப் பாத்தா? தர்ப்பூசணி வாங்கப் போனியா? கதவோரம் சீட்டு ஒட்டியிருக்கான், லோடுக்கு எத்தனை, காலிக்கு எத்தனைன்னு. பத்து பைசா செலவில்லாம வண்டி அலையுறதுல பாதி அதுலயே போயிரும்.

பெறகு அந்த லோடு கட்டுற லட்சணம். ஆடிப் பதினெட்டுக்கு கேலண்டர் ஆல்பம் வந்தா, அப்ப இருந்து தைப்பொங்கல் வரைக்கும் உனக்கு ஓட்டம். கேலண்டர் கட்டு சின்னதா இருக்கும், கனம் கல்லு. அதைக் கடைசில பின் கதவோரம் போட்டு, முன்னால காலி அட்டைப்பெட்டியைக் கோபுரமா அடுக்குற. பின்னால கனம் கூடினா முன்சக்கரம் தரையில பேருக்குத்தான் நிக்கும், ஸ்டியரிங் உன் பேச்சைக் கேக்காது. கனத்தைப் பின் அச்சுக்கு முன்னால, அடியில போடு. லேசானதை மேல போடு, கோபுரம் கட்டாத. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாக, சாத்தூர் பாலத்துல நீ அட்டைப்பெட்டிப் பாயை விரிச்சுக்கிட்டுப் போனா எந்தச் சிவப்பு ஷாக்குடா உன்னைப் பிடிச்சு நிறுத்தும்?

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாமச் சொல்றேன். ‘சீசன்ல நாலு பெட்டி வெடியையும் சேத்துப் போட்டுட்டுப் போயிரலாம் மாமா’ன்னு போன மாசம் சொன்னியே, அது வேண்டாம். அதுக்கு வண்டி தனி, லைசென்ஸ் தனி. 1884-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம், 2008-ல புதுசா விதி, அதைப் பாக்க சிவகாசியிலயே ஆபீசு. இதெல்லாம் சும்மா வைக்கல. மருந்து கலக்குற அறையில இரும்புக் கரண்டி ஆகாது, உரசல் ஆகாது, தடால்னு எதையும் போடக்கூடாது. அப்பிடிப் பொத்திப் பொத்திச் செஞ்ச சாமானைக் கொண்டுவந்து, வெட்டுக்கிளி மாதிரித் தத்துற உன் தொட்டியில போடுவியா? நான் இருபது வருஷம் வடக்க லோடு அடிச்சவன். உன் வயசுல என்கூட ஓட்டின ரெண்டு பேரைப் பத்தி நான் பேசுறதில்ல.

சரி விடு. டீ ஆறுது.

மாட்டும்போது கூட நில்லு, போன் பாத்துக்கிட்டு உக்காராத. புது ஷாக்கு கடையில படுத்துக் கெடந்திருக்கும், உள்ள காத்து எடம் மாறியிருக்கும். நெட்டுக்குத்தா நிறுத்தி நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுத்துட்டு மாட்டணும். பளபளன்னு ஒரு கம்பி இருக்கும் பாரு, அதைப் பிளையரால பிடிச்சு முறுக்கினா அவன் கையைத் தட்டி விடு. கம்பியில ஒரு கீறல் விழுந்தா அது சீலை அறுத்துரும், மூணு மாசத்துல எண்ணெய் வழியும், பெறகு கம்பெனியைத் திட்டுவ. போல்ட்டைக் கடைசியா முறுக்கும்போது சக்கரம் தரையில இருக்கணும். ஜாக்கில தொங்கவிட்டுக்கிட்டே முறுக்கினா ரப்பர் புஷ்ஷு முறுக்கின கழுத்தோடயே காலம் பூரா கெடக்கும்.

எந்திரி. எம்புட்டு நேரந்தான் பேசுறது, உன் ஷாக்கு சூடெல்லாம் ஆறிப்போயிருக்கும், தொட்டுப் பாத்தும் பிரயோசனம் இல்ல. போன்ல டார்ச்சைப் போட்டுக்கிட்டு வண்டிக்குக் கீழ படு. சட்டை அழுக்காகுமா? நீ லாரி ஓட்டியிருந்தா தெரியும். ம்... வலது பக்கம் பின்னாடி என்ன தெரியுது? எண்ணெய் கசிவா? லேசாவா? சரி. இடது பக்கம் போ. உடம்பு காஞ்சு கெடக்கா? கசிவே இல்லையா? நல்லது. கீழ் முனைக்கு லைட்டை அடி. போல்ட்டு எப்பிடி இருக்கு?

இல்லையா?

நல்லாப் பாரு. போல்ட்டே இல்லையா? ஷாக்கு சும்மா தொங்குதா? ஆட்டிப் பாரு. அச்சுல இடிக்குதா? எப்பிடிச் சத்தம் வருது? டொங்கு டொங்குன்னா?

ஆங்! அதுதான்டா. இதைத்தான் நீ வந்ததும் சொல்லணும்னு இருந்தேன். இப்பத்தான் நெனப்புக்கு வருது.

தம்பி, எங்களுக்கு ரெண்டு டீ, நாலு வடை. மருமகன் கணக்குல எழுதிக்க.